மோட்டார் சைக்கிளுக்கு மதுசாரம்: புகை குறையும், செலவு யார் தலையில்?

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் பகுதியில் மோட்டார் சைக்கிளில் மீன் விற்றுவரும் ஒருவர் என்னை வழியில் மறித்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இந்தியாவிலை பெற்றோலுக்கை சாராயம் கலந்து விக்கிறாங்களாம். உண்மையோ? உது நாளைக்கு இங்கை வந்தால் என்ரை வண்டி என்ன பாடுபடும்?" அவருடைய வண்டி பதினைந்து வருடப் பழையது. பின்னால் மீன்பெட்டி, பக்கத்தில் தராசு. காலையில் கரைக்குப் போய், உள்ளூர்க் கிராமங்களைச் சுற்றி, மதியத்துக்குள் 60 கிலோமீற்றர் ஓடிவிடுவார். அந்த வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். அவருக்கு அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

மாற்று எரிபொருள் என்பது வடக்கு மக்களுக்குப் புதிய சங்கதி அல்ல. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கமாகிவிட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு மருந்துப் போத்தலில் பத்திரமாக வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் இயந்திரம் பிடிக்கும். சூடேறியதும் மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் புகை, கண்ணெரிவு, கரிபிடித்த பிளக், ஏற்றத்தில் 'டக் டக்' என்ற இடிப்பு எல்லாம் அந்த ஓட்டத்தோடு கூடவே வந்தன. அன்று வீதியோரத் திருத்துநர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. எரிபொருள் மாறினால் இயந்திரத்தின் அமைப்பும் மாறவேண்டும். மாற்றாவிட்டால் அதற்கான விலையை வண்டிக்காரரே கொடுப்பார். எதனோல் விடயத்திலும் பேசவேண்டியது அதுதான்.

மண்ணெண்ணெயும் எதனோலும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. அதனால்தான் இடிப்பு வந்தது. எதனோலின் ஒக்ரேன் அளவோ 108 வரையில் உள்ளது. எமது நிலையங்களில் விற்கும் 92, 95 ஒக்ரேன் பெற்றோலை விட அதிகம். ஆகவே எதனோல் கலந்த பெற்றோலில் இடிப்புக் குறையும். இயந்திரத்தை அதற்கென உயர்ந்த அமுக்க விகிதத்துடன் வடிவமைத்தால் வலுவும் கூடும். எதனோலைக் கழிவுப் பொருள் போலப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் நடந்தது என்ன? கரும்பு, தானியம் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எதனோலைப் பெற்றோலில் கலக்கும் திட்டம் அங்கு 2003 ஆம் ஆண்டில் தொடங்கியது. நீண்ட காலம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. பின்னர் வேகமெடுத்து, 2022 ஜூனில் 10 வீதத்தை எட்டியது. 20 வீதம் கலந்த பெற்றோல், அதாவது ஈ-20, 2023 பெப்ரவரியில் அறிமுகமானது. 2030 ஆம் ஆண்டுக்கென முதலில் குறித்திருந்த 20 வீத இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு 2025 ஆம் ஆண்டிலேயே எட்டப்பட்டது. ஆனால் ஈ-20 ஐத் தாங்கக்கூடிய இறப்பரும் உலோகமும் கொண்ட வண்டிகள் அங்கு 2023 ஏப்ரலிலிருந்துதான் வரத் தொடங்கின. அதற்கு முந்திய கோடிக்கணக்கான மோட்டார் சைக்கிள்களுக்கும் அதே பெற்றோல்தான் ஊற்றப்பட்டது. எதனோல் கலக்காத பெற்றோலைத் தெரிவு செய்யும் வசதி வேண்டும் எனத் தாக்கல் செய்யப்பட்ட மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி தள்ளுபடி செய்தது.

இது எமக்கு அயல்வீட்டுக் கதையல்ல. எமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்யப்பட்டவை. வாகன இறக்குமதி 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. எனவே எமது கிராமங்களில் உள்ள வண்டிகளில் மிகுதியானவை 2020 க்கு முந்தியவை, காபரேற்றர் பூட்டியவை. எதனோல் கலந்த பெற்றோல் என்றாவது இங்கு வந்தால், அது முதலில் சந்திக்கப்போவது இந்தப் பழைய காபரேற்றரைத்தான்.

காபரேற்றருக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் வளி வேண்டும். எதனோல் தன்னுள்ளேயே ஒட்சிசனைக் கொண்டிருப்பதால் (அதன் நிறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒட்சிசன்தான்) அதற்கு 9 கிராம் வளி போதும். 20 வீதக் கலவைக்கு 13.5 கிராம் அளவில் வேண்டும். காபரேற்றரின் ஜெற் என்பது பித்தளையில் துளைத்த ஒரு சிறு ஓட்டை. உள்ளே வருவது பெற்றோலா, எதனோலா என்று அதற்குத் தெரியாது. முன்பு விட்ட அளவையே இப்போதும் விடும். ஆகவே கலவையில் வளி மிஞ்சும். திருத்துநர்கள் 'லீன்' என்று சொல்வார்களே, அந்த நிலை. ஏற்கெனவே எரிபொருள் கூடுதலாகப் போகும்படி வைத்திருந்த வண்டி இதனால் சற்றுச் செம்மையாக எரியும். சரியான அளவில் அல்லது சிக்கனமாக வைத்திருந்த வண்டியோ அக்சிலேற்றரை முறுக்கும்போது தயங்கும். பாரம் ஏற்றி ஏற்றத்தில் ஏறும்போது இழுக்காது. வளியால் குளிரும் இயந்திரமாகையால் சூடும் கூடலாம்.

புதிய வண்டிகளில் நிலைமை வேறு. எரிபொருளை ஊசிமுனையால் தெளிக்கும் அமைப்பும், புகைப் போக்கியில் ஒட்சிசனை அளக்கும் உணரியும் இருந்தால், இயந்திரம் தானே அளவைத் திருத்திக்கொள்ளும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புகை விதிகளுக்குப் பிறகு பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் இந்த முறைக்கு மாறிவிட்டன.

இனிப் புகைக்கு வருவோம். எதனோலை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்து வீசும் சீட்டு இதுதான். இந்திய அரசின் கொள்கை நிறுவனமான நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டி அறிக்கையில், ஈ-20 ஆல் இருசக்கர வண்டிகளின் காபனோரொட்சைட்டு 50 வீதமும், ஐதரோகாபன்கள் 20 வீதமும் குறைந்ததாகக் கூறப்பட்டுள்ளது. நைதரசன் ஒட்சைட்டுகள் சில வண்டிகளில் கூடின, சிலவற்றில் குறைந்தன. ஒரே போக்குத் தென்படவில்லை. அசற்றல்டிகைட்டு என்ற இன்னொரு பொருள் கூடியது. கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும் பொருள் இது. நகரத்து வெயிலில் ஓசோன் உருவாகவும் துணைபோகும்.

காபனோரொட்சைட்டு பாதியாகக் குறைவது சிறு காரியமல்ல. ஆனால் அது ஏன் குறைந்தது என்றும் கேட்கவேண்டும். பெரும்பகுதி, மேலே சொன்னபடி கலவையில் வளி மிஞ்சியதால் குறைந்தது. எரிபொருள் கூடிப்போகும் பழைய வண்டியின் வளி வடியைத் துப்புரவாக்கி, காபரேற்றரின் எயார் ஸ்குறூவைச் சரியாகத் திருகி, தேய்ந்த ஊசியை மாற்றினால் அதே நன்மையில் கணிசமான பங்கு எதனோல் இல்லாமலே கிடைக்கும். அதற்கு ஒரு திருத்துநரின் அரைமணி நேரம் போதும். மறுபக்கம், உணரியும் ஊக்கியும் பூட்டிய புதிய வண்டி ஏற்கெனவே சுத்தமாக எரிவதால் அதில் கிடைக்கும் மேலதிக நன்மை சிறிது. சைலன்சரால் நீலப்புகை கக்கும் வண்டிக்கோ எதனோல் எதுவும் செய்யாது. தேய்ந்த பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எரியும் ஒயிலின் புகை அது. எம் கிராமங்களில் கண்ணுக்குத் தெரியும் புகையில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது என்பது என் கணிப்பு.

அடுத்தது செலவு. ஒரு லீற்றர் எதனோலில் உள்ள சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. 20 வீதம் கலந்தால் லீற்றருக்கு 7 வீத அளவில் சக்தி குறையும். ஒக்ரேன் உயர்வும் செம்மையான தகனமும் இதில் ஒரு பகுதியை ஈடுசெய்வதால், 10 வீதக் கலவைக்கு அமைக்கப்பட்ட இருசக்கர வண்டிகளில் இழப்பு 3 முதல் 4 வீதம் என்கிறது அதே நிதி ஆயோக் அறிக்கை. மீன்கார அண்ணையின் கணக்கைப் போடுவோம். நாளுக்கு 60 கிலோமீற்றர், மாதத்தில் 25 நாள், ஆக 1,500 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடினால் 30 லீற்றர் வேண்டும். 48 ஆகக் குறைந்தால் 31 லீற்றரும் கால்லீற்றரும். முழுச் சக்தி இழப்பும் அவர் வண்டியில் விழுந்தால் 32 லீற்றரைத் தாண்டும். கணக்குக்காக லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதத்துக்கு 375 ரூபாவிலிருந்து 680 ரூபா வரை மேலதிகம். கார் வைத்திருப்பவருக்கு இது ஒரு தேநீர்ச் செலவாகத் தோன்றலாம். மீன் விலைப்படாத நாளில் வெறும்பெட்டியுடன் திரும்புபவருக்கு அப்படியல்ல. எதனோல் கலந்ததால் இந்தியாவில் பெற்றோலின் விலை குறையவும் இல்லை. குறைந்த சக்தியை அதே விலைக்கு வாங்கும் நிலைதான் வந்தது.

இதே விடயத்தில் பிறேசில் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பார்க்கவேண்டும். அந்நாடு 1975 ஆம் ஆண்டிலிருந்தே கரும்பு எதனோலைப் பயன்படுத்தி வருகிறது. 2025 ஓகஸ்ற் முதல் அங்குள்ள சாதாரண பெற்றோலில் 30 வீதம் எதனோல். அதேவேளை தனி எதனோலும் வேறு குழாயில், வேறு விலையில் விற்கிறார்கள். எதனோலின் விலை பெற்றோலின் விலையில் 70 வீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே அதை ஊற்றுவது இலாபம் என்ற கணக்கு அங்குள்ள சாதாரண வண்டிக்காரருக்கும் மனப்பாடம். ஹொண்டா நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் அந்நாட்டுக்கென்றே இரண்டிலும் ஓடும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. குளிர் 15 பாகை செல்சியசுக்குக் கீழே போகும் இடங்களில் தாங்கியில் ஐந்திலொரு பங்காவது பெற்றோல் இருக்கட்டும் என்று அதை வாங்குபவர்களுக்குச் சொல்லப்பட்டது. எதனோல் ஆவியாக அதிக வெப்பம் வேண்டும். குளிர்காலைகளில் இயந்திரம் பிடிக்க மறுக்கும். ஆக, வண்டியை எரிபொருளுக்கேற்ப மாற்றினார்கள், விலையைச் சக்திக்கேற்ப வைத்தார்கள், வாங்குபவருக்கு விபரம் சொன்னார்கள். இந்த மூன்றையும் விட்டுவிட்டு 'பிறேசிலைப் பாருங்கள்' என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

எங்கள் நாட்டுக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. எதனோலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. வளியிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கலவையில் நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எதனோலும் நீரும் பெற்றோலை விட்டுப் பிரிந்து தாங்கியின் அடியில் போய்ப் படுத்துவிடும். 10 வீதக் கலவையில் அரை வீத நீரே இதற்குப் போதுமானது. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் குழாய் எடுப்பது அடியிலிருந்துதான். வண்டி நடுவழியில் நிற்கும். உள்ளே துருவும் பிடிக்கும். மாரி காலத்தில் வெள்ளம் ஏறும் மட்டக்களப்பு, முல்லைத்தீவுப் பகுதிகளை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் நிலையம் பல மைல் தூரத்தில் இருக்கும் ஊர்களில் பெட்டிக்கடையில் போத்தலில் விற்கும் பெற்றோலையும் நினைத்துப் பாருங்கள். மூடி சரியாக இறுகாத பிளாஸ்ரிக் கலனில் இரண்டு கிழமை இருந்த எதனோல் பெற்றோல் எப்படி இருக்கும்? பழைய இறப்பர்க் குழாய்கள் ஊதி வெடிப்பதும், தாங்கியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த அழுக்கு இளகிவந்து ஜெற்றை அடைப்பதும் இதனோடு சேரும். ஒரு குழாயும் ஒரு வொசரும் மாற்றினால் தீரும் வேலைதான். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வண்டிக்காரர் வழியில் நின்றுதான் அறிந்துகொள்வார்.

எதனோலுக்கு ஆதரவான வலுவான வாதம் புகை அல்ல, அந்நியச் செலாவணி. 2022 ஆம் ஆண்டில் நாம் வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்தபோது அதையும் வரம் என்று வாங்கினோம். சொந்த மண்ணில் விளைந்த எரிபொருள் ஐந்திலொரு பங்காவது இருந்திருந்தால் என்ற எண்ணம் நியாயமானது. நானும் அதை ஒதுக்கித் தள்ளவில்லை.

ஆனால் எந்த மண்ணில், எதை விளைவித்து? ஒரு தொன் கரும்பிலிருந்து 70 லீற்றர் எதனோல் எடுக்கலாம். அவ்வாறு எடுக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் வயலில் ஏறத்தாழ 2,860 லீற்றர் நீர் செலவாகிறது என நிதி ஆயோக்கே கணக்கிட்டுள்ளது. குளத்து நீரைப் பங்கு பிரிப்பதில் சண்டை வரும் எமது உலர் வலயத்தில் இது விளையாட்டுக் காரியமல்ல. இந்தியாவில் 2023 இல் கரும்பு விளைச்சல் குறைந்தபோது எதனோல் ஆலைகள் சோளத்துக்குத் திரும்பின. அதன் விளைவாக, வழக்கமாகச் சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024 இல் மியன்மாரிலிருந்தும் உக்ரேனிலிருந்தும் சோளம் வாங்கியது. கோழி வளர்ப்போர் தீன் விலையால் தவித்தனர். எமது நாட்டில் சோளம் கோழித்தீனுக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷாவுக்கும் போகிறது. அதிலிருந்து பிடுங்கி மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதை என்னால் ஏற்கமுடியாது. வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற கழிவுகளிலிருந்து எடுப்பதானால் பேச்சு வேறு. செலவு கூடினாலும் அந்த வழியைத்தான் ஆராயவேண்டும்.

கூட்டங்களில் யாராவது எழுந்து "எங்களிடம் பனை இருக்கிறதே, கள்ளிலிருந்து எடுக்கலாமே" என்று கேட்பதுண்டு. கள்ளில் மதுசாரம் 5 வீத அளவில்தான் இருக்கும். ஒரு லீற்றர் எதனோலுக்குக் குறைந்தது 20 லீற்றர் கள் வேண்டும். அதையும் 99.5 வீதம் நீரற்றதாக்கினால்தான் பெற்றோலில் கலக்கலாம். சாதாரண வடிசாலை 95, 96 வீதத்தோடு நின்றுவிடும். மரமேறும் தொழிலாளி உயிரைப் பணயம் வைத்து இறக்கும் 20 லீற்றரை ஒரு லீற்றர் பெற்றோலின் விலைக்கு யார் கேட்பார்கள்? அதைப் பதநீராக இறக்கிப் பனங்கட்டியாக்கினால் ஒரு குடும்பம் பிழைக்கும். (எரிபொருள் எதனோலில் குடிக்கமுடியாதபடி வேறு பொருள் சேர்க்கவேண்டும் என்பது இன்னொரு சிக்கல். எங்கள் ஊர்களில் தாங்கிக்குப் போகவேண்டியது தொண்டைக்குப் போகாமல் பார்ப்பதற்குத் தனிக் காவல் வேண்டும்.)

ஆகவே மீன்கார அண்ணைக்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இது. 10 வீதம் வரை கலந்தால் வண்டி பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். குழாய்களையும் வொசரையும் பார்த்து மாற்றவேண்டும், தாங்கியை மாரியில் வெறுமையாக விடக்கூடாது. 20 வீதம் என்றால் ஜெற்றை ஒரு அளவு பெரிதாக்காமல் ஓடுவது நல்லதல்ல. ஓட்டத்தில் இழப்பு இருக்கும். எவராவது இல்லையென்றால் நம்பவேண்டாம்.

கொள்கை வகுப்போரிடம் கேட்கவேண்டியது அதைவிட அதிகம். கலப்பு வருமானால், எத்தனை வீதம் என்பதைக் குழாயிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டவேண்டும். பழைய வண்டிகள் ஓடித் தீரும்வரை கலக்காத அல்லது குறைவாகக் கலந்த ஒரு குழாய் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கவேண்டும். குறைந்த சக்திக்குக் குறைந்த விலை வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யும் புகைப் பரிசோதனை, வண்டிக்காரரிடம் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து அனுப்புவதோடு முடியாமல், காபரேற்றரைத் திருத்திக் கொடுக்கும் இடமாகவும் மாறவேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு எதனோல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பயிற்சியும், ஊருக்கு ஒரு புகை அளக்கும் கருவியும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். அடுத்த மாரிக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு சனிக்கிழமை திருத்துநர்கள் இருவரை அழைத்து இதைச் செய்துபார்க்க எண்ணியிருக்கிறோம். மீன்கார அண்ணை தன் வண்டியை முதலாவதாகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், மீன் விற்று முடிந்த பிறகு.